கிசுமு: இரணம் தேடி வந்தோரின் ஏரித்துறை

நம் கடற்கரை ஊர்களில், பொருளீட்டக் கடல் கடந்து சென்றவரைச் 'சபராளி' என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல் தமிழோடு உறவாடிப் பெற்றெடுத்த சொல் அது. அதே அரபுச் சொல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கிச் சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' ஆயிற்று. சஃபாரி என்றதும் சிங்கமும் யானையும் காணச் செல்லும் உல்லாசப் பயணமே இன்று பலர் நினைவுக்கு வருகிறது. சுவாஹிலி பேசும் மக்களுக்கோ அது எல்லாப் பயணங்களுக்கும் உரிய பொதுச்சொல். அம்மொழியில் கடல் 'பஹாரி', மீன் 'சமாகி', சந்தை 'சோகோ', இரணம் 'ரிசிகி'. வணிகத்திற்குப் 'பியாஷாரா' என்று பெயர். 'பைஉ', 'ஷிரா' ஆகிய இரண்டு அரபுச் சொற்களின் கூட்டு அது. முன்னது விற்றல், பின்னது வாங்கல். மதரஸாவில் சில ஆண்டுகள் அரபு பயின்ற பிள்ளை எவரும் இச்சொற்களின் மூலத்தை எளிதில் கண்டுகொள்வர்.

இச்சொற்கள் இந்துமாக் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. கரையிலிருந்து ஐந்நூறு மைல்களுக்கு அப்பால், நிலநடுக்கோட்டினருகே, விக்டோரியா ஏரியின் கரையில் உள்ள கென்ய நாட்டுத் துறைமுக நகரமாகிய கிசுமுவின் கடைவீதியிலும் அவை நாள்தோறும் ஒலிக்கின்றன. ஆயினும் அந்நகரின் பெயர் மட்டும் அவ்வட்டாரத்து லுவோ மக்களின் சொந்தச் சொல்லிலிருந்து பிறந்தது. பஞ்ச காலத்தில் உணவு தேடிச் சென்று, கையிலுள்ள பொருளைக் கொடுத்துத் தானியம் மாற்றிக் கொள்ளும் இடத்தை அவர்கள் 'கிசுமோ' என்றனர். இரணம் தேடும் இடம் என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். ஓர் ஊரின் நூற்றாண்டு வரலாறு முழுவதும் அதன் பெயருக்குள் அடங்கிக் கிடப்பதைக் கிசுமுவில் காண்கிறோம்.

ஏரி

விக்டோரியா ஏரியின் பரப்பு ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் சற்று மிகுதி. இதில் ஏறத்தாழ சரிபாதி தான்சானியாவுக்கும், அதைவிடச் சற்றுக் குறைந்த பகுதி உகாண்டாவுக்கும் உரியன. கென்யாவின் பங்கு நூற்றுக்கு ஆறு மட்டுமே. அந்தச் சிறு பங்கில், வினாம் என்னும் குடாவின் உள்ளங்கையில் அமைந்தது கிசுமு.

ஏரிக்கு இங்கிலாந்து அரசியின் பெயர் சூட்டப்பட்டது 1858-க்குப் பிறகே. ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் அவ்வாண்டில் இதன் தென்கரையை அடைந்தார். வடக்கே பெரியதோர் ஏரி உண்டென்ற தகவலை அவருடைய குழுவினர்க்கு அளித்தவர்கள் தபோராவில் வாழ்ந்த அரபு வணிகர்கள். அதற்கும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன், 1154-இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக உலகப் படம் வரைந்த அல் இத்ரீசீ, நைல் ஆற்றின் ஊற்றைத் தொலைதூரத் தெற்கில் உள்ள ஏரிகளில் காட்டியிருந்தார். 'கண்டுபிடித்தார்' என்று ஏடுகள் எழுதும்போது, அங்கேயே பிறந்து அங்கேயே வலை வீசி வாழ்ந்தவர்களை நாம் மறந்துவிடலாகாது. லுவோ மக்கள் இவ்வேரியை 'நம் லோல்வே' என்பர். அவர்கள் மொழியில் 'நம்' என்றால் ஏரி. தமிழ்ச் செவிக்கு அது 'நம்முடைய' என்று ஒலிப்பது இனிய தற்செயல்.

லுவோ மக்கள் நைல் பள்ளத்தாக்கின் வடக்கிலிருந்து, இன்றைய தென்சூடான் பக்கமிருந்து, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து இக்கரையில் குடியேறியவர்கள். அண்டையில் லூயா, நாந்தி, கிசீ முதலிய மக்கள் இருந்தனர். ஒருவர் நிலத்தில் மழை பொய்த்தால் மற்றவர் நிலத்தில் விளைச்சல் இருக்கும். ஒருவரிடம் மீன், மற்றவரிடம் தானியம், இன்னொருவரிடம் கால்நடை. இவை கைமாறிய இடமே கிசுமோ. துறைமுகம் தோன்றுமுன்பே அங்கே சந்தை இருந்தது.

இருப்புப்பாதை

1896-இல் மொம்பாசாவில் தொடங்கிய இருப்புப்பாதை ஐந்தாண்டுகள் காடும் மேடும் பிளவுப் பள்ளத்தாக்கும் கடந்து, 1901 டிசம்பர் 20 அன்று ஏரிக்கரையைத் தொட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 580 மைல். வழியில் நாந்தி மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பாதை முடிந்த இடத்திற்குப் பொறியாளர் ஒருவருடைய மனைவியின் பெயரால் 'போர்ட் புளோரன்ஸ்' என்று பெயரிட்டனர். அப்பெயர் சில காலமே நின்றது. மக்கள் வழங்கிய பழைய பெயரே வென்றது.

பாதை போட்டவர்கள் யார்? இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபியர், முஸ்லிம்களும் சீக்கியர்களும் இந்துக்களும் அவருள் இருந்தனர். கராச்சித் துறையில் கப்பலேறிய அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். நம் தென்னாட்டில் நெடுங்காலம் ஓடிய மீட்டர் பாதையின் அளவே அது. இந்தியாவில் பழகிய கைகளைக் கொண்டு, இந்தியாவில் பழகிய அளவிலேயே அப்பாதை அமைந்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே தங்கினர். அவர்களிற் சிலர் கிசுமுவுக்கு அருகே கிபோஸ் என்னுமிடத்தில் நிலம் பெற்று உழலாயினர். குளிர்ந்த மேட்டு நிலங்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கொசுவும் காய்ச்சலும் மிகுந்த ஏரித் தாழ்நிலமே இந்தியருக்குக் கிடைத்தது. அங்கே கரும்பு செழித்தது. அண்மையிலுள்ள மிவானியில் 1922-இல் கென்யாவின் முதல் சர்க்கரை ஆலை தோன்றியது. மிவானி என்ற பெயருக்கே 'கரும்பிருக்கும் இடம்' என்பது பொருள்.

இருப்புப்பாதை ஏரியில் முடிய, அங்கிருந்து கப்பல் தொடங்கியது. கடலிலிருந்து ஏரிக்கு நீர்வழி இல்லை. ஆகவே ஸ்காட்லாந்தில் செய்த கப்பல்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து கரையில் கோத்தனர். 'வில்லியம் மெக்கின்னன்' என்ற முதற் கப்பலின் துண்டுகள் பாதை முடியுமுன்பே சுமைகூலிகளின் தலைமீது வந்து சேர்ந்தன. 1900-இல் அது நீரில் இறங்கியது. அடுத்தடுத்துப் பெரிய கப்பல்கள் வந்தன. உகாண்டாவின் பருத்தியும் காப்பியும் கப்பலில் கிசுமு வந்து, இரயிலேறி, மொம்பாசாவில் கடலைக் கண்டன. 1930-களில், லண்டனிலிருந்து ஆப்பிரிக்கா நோக்கிப் பறந்த நீர்விமானங்களும் இவ்வேரியில் வந்திறங்கின.

கடைவீதி

பாதை செல்லுமிடமெல்லாம் கடையும் சென்றது. கட்ச் பகுதியிலிருந்து சிறுவனாகச் சான்சிபார் சென்ற அல்லிதீனா விஸ்ராம் என்னும் இஸ்மாயிலி வணிகர், இருப்புப்பாதை நெடுகிலும் ஏரியைச் சுற்றிலும் கடைகள் திறந்தார். கிசுமுவிலும் அவர் கடை இருந்தது. துணி, உப்பு, மண்வெட்டி, விளக்கெண்ணெய் கொடுத்துத் தோல், எள், பருத்தி, தந்தம் வாங்கினார். பணம் புழங்காத ஊர்களில் பண்டமாற்றாகவே வணிகம் நடந்தது. அவர் 1916-இல் காலமானார். 'துக்கான்' என்பது 'துக்கா' என்று திரிந்து சுவாஹிலி மொழியில் நிலைபெற்றதற்கு இத்தகையோரே காரணர்.

நகரில் சமயங்களும் அருகருகே குடிகொண்டன. 1919-இல் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல் பச்சையும் வெண்மையுமாக, இரு மினாராக்களோடு நகரின் நடுவே நிற்கிறது. இஸ்மாயிலிகளின் ஜமாஅத்கானாவும், சீக்கியரின் குருத்துவாராவும், இந்துக் கோயில்களும், பல பிரிவுக் கிறிஸ்தவ ஆலயங்களும் நடந்துசெல்லும் தூரத்திலேயே உள்ளன. இந்தியர் வந்துதான் இஸ்லாம் அங்கு வந்தது என்று எண்ணுவது பிழை. வடக்கேயுள்ள முமியாஸ் என்னும் வங்கா அரசர்களின் ஊர், கடற்கரையிலிருந்து உகாண்டா செல்லும் சுவாஹிலி வணிகர்களின் தங்குமிடமாக இருப்புப்பாதைக்கு முன்பே விளங்கியது. அவ்வழியே சன்மார்க்கம் அம்மக்களிடையே பரவியிருந்தது.

அருகருகே வாழ்ந்தனர் என்பதால் ஒன்றாக வாழ்ந்தனர் என்று கூறிவிட முடியாது. காலனி அரசு நகரை இன வாரியாகப் பிரித்து வைத்தது. காற்றோட்டமான மேட்டில் வெள்ளையர்; அதற்குக் கீழே கடைவீதியில் இந்தியர்; நகரெல்லையில் ஆப்பிரிக்கர். உரிமமும் கடனும் ஆப்பிரிக்கருக்கு எளிதில் கிட்டவில்லை. தம் மண்ணில் எழுந்த கடைவீதியில் லுவோ மக்கள் வாங்குவோராகவும் சுமப்போராகவும் மட்டுமே இருக்க நேர்ந்தது. இக்குறையைப் போக்கவே ஆசிரியராக இருந்த ஒகிங்கா ஒடிங்கா 1947-இல் 'லுவோ சிக்கன வணிகக் கழகம்' கண்டார். சிறு சேமிப்பைத் திரட்டிக் கடைகளும் கட்டடங்களும் எழுப்ப முற்பட்ட அவர், பின்னர் விடுதலை பெற்ற கென்யாவின் முதல் துணைத் தலைவரானார்.

காணத்தக்கவை

கிசுமு செல்வோர் காணத்தக்கவை பல. நகர அருங்காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் வளாகத்தில் லுவோ குடும்பத்தின் வீட்டுமனை ஒன்றை முழு அளவில் கட்டி வைத்துள்ளனர். வாயிலுக்கு நேர் எதிரே மூத்த மனைவியின் வீடு. மற்ற மனைவியரின் வீடுகள் அதற்கு இருமருங்கும். வீட்டின் அமைப்பிலேயே உரிமையும் வரிசையும் எழுதப்பட்டிருப்பதை அங்கே காணலாம். நகருக்கு மேற்கே வானளாவ அடுக்கிய பாறைக் குவியல் ஒன்று 'கிட் மிகாயி' எனப்படுகிறது. 'மூத்தாளின் கல்' என்பது பொருள்.

ஏரியோரத்தில் இம்பாலா மான்களுக்கான சரணாலயம் உண்டு. துங்கா என்னும் மீனவர் துறையில் கோரைக் காடும், பறவைக் கூட்டமும், நீர்யானையும் காணலாம். கிபுயே சந்தை, நாற்றிசையினரும் கூடும் திறந்தவெளிச் சந்தை. பழந்துணி முதல் மண்பானை வரை அங்கே கிடைக்கும். கரைமணலில் 'ஒமேனா' என்னும் விரலளவு வெள்ளிமீன்கள் வெயிலில் காய்வதைக் காணும் நம்மவர்க்கு நெத்திலிக் கருவாடு காயும் நம் கடற்கரை நினைவுக்கு வரும். மீன் பிடிப்பவர் ஆடவர். விற்பவர் பெரும்பாலும் மகளிர். பொரித்த 'நெகெ' மீனும், சோளமாவில் கிண்டிய 'உகாலி' களியும் அந்நகரின் விருந்து.

அவ்விருந்துக்குப் பெயர்போன இடம் ஏரிக்கரையில் தகரக் கூரைகளின் கீழ் இயங்கிய 'லுவாங்னி' உணவுக் கடைகள். ஈ என்பது அப்பெயரின் பொருள். துறைமுகத்தைப் புதுப்பிப்பதற்காக 2019-இல் அக்கடைகள் இடிக்கப்பட்டன. துறை பிழைக்க வேண்டுமாயின் கரையில் பிழைத்தவர்கள் எழுந்து போக வேண்டும் என்ற நிலை வந்தது.

மூடிய கதவுகள்

துறையைப் புதுப்பிக்கும் தேவை ஏன் வந்தது? அதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1931-இல் வேறொரு பாதை, ஏரியைத் தொடாமலேயே தரைவழியாகக் கம்பாலாவை அடைந்தது. கிசுமுவின் முதல் இழப்பு அது. எனினும் ஏரிப் போக்குவரத்து ஓயவில்லை. 1960-களில், இரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் இரண்டு பெருங் கப்பல்கள் ஏரியில் இறங்கின. ஒன்றின் பெயர் 'உஹுரு'. மற்றதன் பெயர் 'உமோஜா'. முன்னது சுதந்திரம், பின்னது ஒற்றுமை. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967-இல் அமைத்த கிழக்காப்பிரிக்கக் கூட்டமைப்பின் கனவு அப்பெயர்களில் ஒளிர்ந்தது.

பத்தாண்டுகளில் அக்கனவு கலைந்தது. 1977-இல் கூட்டமைப்பு உடைந்தது. கென்ய, தான்சானிய எல்லை 1983 வரை மூடிக் கிடந்தது. கப்பல்களைப் பங்கு பிரித்தனர். சுதந்திரம் கென்யாவுக்கும் ஒற்றுமை தான்சானியாவுக்கும் போய்ச் சேர்ந்தன! வேண்டுமென்று எழுதினாலும் இதைவிடப் பொருத்தமாக ஒருவர் எழுத முடியாது. மூன்று நாடுகளின் பண்டங்கள் கைமாறிய துறையில் பாரந்தூக்கிகள் துருவேறின.

இரண்டாவது கதவை மூடியது ஒரு செடி. நம் குளங்களையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டு நாம் அல்லற்படும் ஆகாயத்தாமரைதான் அது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அச்செடி 1980-களின் இறுதியில் ஏரியில் தோன்றி, 1998 அளவில் வினாம் குடாவைப் பசும்பாயாக மூடியது. கப்பல் நகரவில்லை, தோணி இறங்கவில்லை. செடியைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டும், பொறி கொண்டு வாரியும் அதனை அடக்கினர். ஆயினும் அது மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது. நிலத்திலிருந்து வழிந்தோடும் உரமும் நகரின் கழிவும் அதற்கு உணவாகின்றன. அதன் தண்டை உலர்த்திக் கூடையும் நாற்காலியும் முடையக் கிசுமுவின் கைவினைஞர் கற்றுக்கொண்டனர் என்பது நாம் மனங்கொள்ளத் தக்கது.

மூன்றாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நேர்ந்தது. 1950-களில் 'நைல் பெர்ச்' என்னும் பெருமீன் ஏரியில் விடப்பட்டது. அது அங்கிருந்த சிறுமீன் இனங்களை விழுங்கிப் பெருகியது. ஐரோப்பாவில் அதற்கு நல்ல விலை. கரையில் ஆலைகள் எழுந்தன. சதை குளிரூட்டப்பட்டு விமானமேறியது. முள்ளும் தலையும் உள்ளூர் மகளிரிடம் வந்தன. அவற்றைப் பொரித்து விற்பது ஏழைகளின் தொழிலாயிற்று. 'ம்கோங்கோ வாசி' என்று அதற்குப் பெயர். வெற்று முதுகு என்பது பொருள். ஏரிக்கரையில் வாழ்வோர் ஏரிமீனின் எலும்பை வாங்கி உண்ணும் காலம் வந்தது.

இவற்றோடு அரசியலும் சேர்ந்தது. சோவியத் உதவியால் கட்டிய மருத்துவமனையைத் திறந்து வைக்க 1969 அக்டோபர் 25 அன்று அதிபர் ஜோமோ கென்யாட்டா கிசுமு வந்தார். அவருக்கும் அவரைப் பிரிந்து நின்ற ஒடிங்காவுக்கும் மேடையிலேயே சொற்போர் மூண்டது. கூட்டத்தின் மீது துப்பாக்கிகள் வெடித்தன. அரசின் கணக்குப்படியே பதினொருவர் மாண்டனர். மக்கள் கணக்கு அதனினும் மிகப் பெரியது. நோய் தீர்க்க எழுந்த கட்டடத்தின் திறப்பு விழாவே சாவு வீடாயிற்று. அதன்பின் பல்லாண்டுகள் அரசின் கடைக்கண் கிசுமுவின் மீது விழவில்லை என்பது அம்மக்களின் மனக்குறை. அந்த மருத்துவமனை இன்று ஒகிங்கா ஒடிங்காவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

2007 டிசம்பர்த் தேர்தலின் முடிவை ஒட்டி எழுந்த கலவரத்தில், அடக்கி வைத்த சினம் கிசுமுவின் கடைவீதியில் தீயாக மூண்டது. காவலர் துப்பாக்கிக்கு இளைஞர் பலியாயினர். வேற்று இனத்தார் உயிருக்கஞ்சி ஊரைவிட்டு ஓடினர். இந்திய வமிசத்தார் நடத்திய பல கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன. மூன்று நான்கு தலைமுறையாக அம்மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள் தம் வாழ்நாள் உழைப்பு சாம்பலாவதைக் கண்டனர். கடை எரிந்த மறுநாள் உப்புக்கும் மாவுக்கும் அலைந்தவர்கள் அந்நகரின் ஏழைகளே. சிலர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். பலர் அதே இடத்தில் மீண்டும் கடை எழுப்பினர்.

திறக்கும் கதவு

கிசுமு 2001-இல், தன் நூற்றாண்டு நிறைவில், மாநகரத் தகுதி பெற்றது. 2019-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம். கிழக்காப்பிரிக்க நாடுகள் 1999-இல் புதிய உடன்படிக்கை செய்து மீண்டும் கைகோத்தன. துறைமுகம் செப்பனிடப்பட்டது. நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த 'உஹுரு' மறுபடியும் ஓடலாயிற்று; அதன் பெயரால் மற்றொரு கப்பல் கிசுமுவின் கட்டுதுறையிலேயே உருவாயிற்று. 2021 டிசம்பரில் நைரோபியிலிருந்து பழைய பாதையில் பயணிகள் இரயில் மீண்டும் வந்தது. 2022 மே மாதத்தில் ஆப்பிரிக்க நகரங்களின் மாநாடு அங்கே கூடியது. ஒகிங்கா ஒடிங்காவின் மகனும் கென்யாவின் முன்னாள் பிரதமருமான ரைலா ஒடிங்கா, 2025 அக்டோபரில் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் மருத்துவத்திற்கு வந்த இடத்தில் காலமானார். அவர் உடல் கிசுமு சேர்ந்தபோது மக்கள் கடலெனத் திரண்டு அழுதனர்.

இவ்வரலாற்றில் நமக்குரிய படிப்பினை யாது? நம் இல்லங்களில் பிறநாட்டில் இரணம் தேடும் பிள்ளை இல்லாத இல்லம் குறைவு. அவர்கள் அனுப்பும் பொருளை எண்ணிப் பார்க்கும் நாம், அவர்கள் வாழும் மண்ணின் மக்கள் அவர்களைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்று கேட்பதில்லை. தொடக்கத்தில் 'பியாஷாரா' என்ற சொல்லைக் கண்டோம். விற்றல் மட்டும் இருந்தால் அச்சொல் பாதிதான். வாங்கலும் சேர்ந்தால்தான் முழுமை. ஆங்கில அரசு ஒரு மக்களை வாங்குவோராகவே நிறுத்தி வைத்தது. மீன் ஆலைகள் சதையைக் கொண்டுபோய் எலும்பை விட்டன. கூட்டமைப்பு நாடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. ஒவ்வொரு முறையும் சொல் பாதியாயிற்று. ஒவ்வொரு முறையும் நகரம் நலிந்தது. கொடையும் கொள்ளலும் மீண்டபோதெல்லாம் அதுவும் மீண்டது.

கடையில் வேலைக்கு வைத்த பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுத் தந்தாரா, அவன் ஒருநாள் எதிர்வரிசையில் கடை வைத்தால் மனமுவந்து வாழ்த்துவாரா என்பதைக் கொண்டே ஒரு சபராளி அந்த ஊருக்கு உரியவரா, வந்துபோகிறவரா என்பது முடிவாகும். பஞ்ச காலத்தில் மீனும் தானியமும் கைமாற்றிக்கொண்ட அப்பழங்குடியினர் தம் சந்தைக்கு இட்ட பெயர் எல்லோருக்கும் பொதுவானது. இரணம் தேடி வருவோர் யாராயினும், வெறுங்கையோடு வராமல், கொடுக்க ஒன்றைக் கையில் கொண்டு வரவேண்டும் என்பதே கிசுமோவின் பழைய சட்டம்.